அரபிக் குதிரையைப் பேரல் ரேசுக்குப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்ஸாஸில் பேரல் ரேஸ் என்றாலே குவார்ட்டர் ஹார்ஸ் என்ற அமெரிக்க இனக் குதிரைதான். அந்த மைதானத்துக்குள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓர் அரபிக் குதிரை நுழைந்தால் எல்லோரும் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். அரபிகளை இந்த ஓட்டத்துக்குப் பழக்குவதுதான் என் வேலை. அதனால் புதிதாக வருகிறவர்களும், ஏற்கெனவே ஓர் அரபியை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேரல் ரேஸ் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மைதானத்தில் முக்கோணமாக மூன்று பேரல்களை வைத்திருப்பார்கள். நம் ஊரில் ரோடு போடும்போது பார்க்கிற அதே 200 லிட்டர் இரும்பு டிரம்தான். குதிரை முழு வேகத்தில் உள்ளே வந்து மூன்றையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு, வந்த வழியே பாய்ந்து வெளியேற வேண்டும். மேலிருந்து பார்த்தால் மூன்று இதழ் விரிந்த மாதிரி இருக்கும். முழு அளவு மைதானத்தில் முதல் பேரலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 90 அடி. அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதற்கு 105 அடி. நேரம் தொடங்கும் கோட்டிலிருந்து முதல் பேரலுக்கு 60 அடி. நல்ல குதிரை இதைச் சுமார் 17 விநாடியில் முடித்துவிடும். மின்னணுக் கருவி நூறில் ஒரு பங்கு, சில போட்டிகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை அளக்கும்.

1948இல் டெக்ஸாஸின் சான் ஏஞ்சலோவில் 38 பெண்கள் கூடித் தொடங்கிய சங்கம்தான் இன்றைய டபிள்யூ.பி.ஆர்.ஏ., அதாவது பெண்களின் தொழில்முறை ரோடியோ சங்கம். அவர்கள் விதிப்படி ஒரு பேரலைச் சாய்த்தால் 5 விநாடி கூடும். 1992இல் தொடங்கிய என்.பி.எச்.ஏ. என்ற தேசிய பேரல் குதிரைச் சங்கத்தின் போட்டிகளில் சாய்த்தால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. கையால் பேரலைத் தாங்கிப் பிடித்து நிறுத்தலாம், அதில் தவறில்லை. இரண்டு சங்கத்திலும் இந்த இனக் குதிரைதான் ஓட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

உண்மையைச் சொல்லுங்கள், அரபி ஜெயிக்குமா?

லாஸ் வேகாஸில் நடக்கும் தேசிய இறுதிப் போட்டியை மனதில் வைத்துக் கேட்டால், அந்த இலக்கோடு அரபியை வாங்காதீர்கள். அங்கே ஓடுவதெல்லாம் குறுகிய தூரப் பாய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த குவார்ட்டர் ஹார்ஸ்கள்.

உள்ளூர்ப் போட்டி என்றால் கதை வேறு. என்.பி.எச்.ஏ. கொண்டுவந்த டிவிஷன் முறையில் அன்றைய மிக வேகமான ஓட்டத்தை வைத்துப் பிரிவுகள் அமையும். முதல் இடம் 17.000 என்றால், 17.500இலிருந்து இரண்டாம் டிவிஷன், 18.000இலிருந்து மூன்றாம் டிவிஷன் தொடங்கும். அதற்குப் பின்னும் பிரிவு உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிசு உண்டு. நன்றாகப் பழகிய அரபி இரண்டிலும் மூன்றிலும் நின்று பணம் வாங்கும், வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கும். அரபிகளுக்கு மட்டும் நடக்கும் போட்டிகளில் உங்களுக்கு எதிரே ஓடுவதும் அரபிதான்.

குவார்ட்டர் ஹார்ஸுக்கும் அரபிக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

முதலில் தசை. குவார்ட்டர் ஹார்ஸின் பின்னங்கால் தசையில் வெடித்துப் பாயும் வகை இழைகள் அதிகம். அரபியின் தசையில் களைக்காமல் நெடுநேரம் உழைக்கும் வகை அதிகம். கலிபோர்னியாவில் 1955இலிருந்து நடக்கும் டெவிஸ் கோப்பை, ஒரே நாளில் 100 மைல் மலைப்பாதையில் ஓடும் போட்டி. அதில் காலங்காலமாக அரபிகளின் ஆதிக்கம்தான். நம்முடையதோ 17 விநாடி வேலை. அதனால் முதல் பேரலுக்குப் போகும் பாய்ச்சலில் அரபி கொஞ்சம் இழக்கும். அதைத் திருப்பத்தில்தான் மீட்க வேண்டும்.

அடுத்தது உடல் வாகு. குவார்ட்டர் ஹார்ஸின் பின்புறம் சரிந்து கனத்திருக்கும். பேரலுக்கு வந்ததும் பின்னங்காலை வயிற்றுக்கடியில் செருகி உட்கார்ந்தே திரும்பும். அரபியின் பின்புறம் மட்டமானது, கழுத்து உயர்ந்தது, முதுகு குட்டை. அதை 'உட்கார்' என்று கட்டாயப்படுத்தினால் தலையைத் தூக்கி முதுகைக் குழித்துக்கொண்டு துள்ளும். ஓட்டம் அறுபடாமல், வளைந்தபடியே சுற்றச் சொன்னால் அழகாகச் சுற்றும். குட்டை முதுகு அங்கே கைகொடுக்கும்.

மூன்றாவது, மனம். என் வேலையில் முக்கால்வாசி இதுதான், கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எந்த மாதிரி அரபியைப் பார்த்து வாங்கலாம்?

அழகுப் போட்டிக்கென்று வளர்த்த வம்சத்தைவிட, ஓட்டப் பந்தய வம்சத்திலோ நெடுந்தூரச் சவாரி வம்சத்திலோ வந்ததைத் தேடுங்கள். முகம் எவ்வளவு குழிந்திருக்கிறது என்பதைக் காலண்டருக்கு விட்டுவிடுங்கள். இடுப்பு எலும்பிலிருந்து வால் வரை நீளமாக இருக்கிறதா, பின்னங்கால் முட்டு தாழ்வாக இருக்கிறதா, தானாக மேயும்போது பின்னங்காலை நன்றாக உள்ளே எட்டிவைத்து நடக்கிறதா என்று பாருங்கள். உயரம் 14.2 முதல் 15 கை போதும். ஒரு கை என்பது 4 அங்குலம். குவார்ட்டர் ஹார்ஸோடு கலந்த அரைவாசி அரபியும் நல்ல தேர்வுதான்.

இந்த இனத்தில் பரம்பரை நோய்கள் சில உண்டு. வாங்குமுன் மரபணுப் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். நோயின் கூற்றைச் சுமக்கும் குதிரை நன்றாகவே ஓடும், இனப்பெருக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஆனால் சிறுமூளை தேயும் செரிபெல்லார் அபியோட்ரோபி உள்ள குதிரைக்குத் தலை நடுங்கும், கால் வைக்கும் தூரம் பிடிபடாது. அதன்மேல் ஏறவே கூடாது.

எந்த வயதில் தொடங்கலாம்?

குவார்ட்டர் ஹார்ஸ் உலகில் 4 வயதுக் குதிரைகளுக்கே பெரிய பரிசுப் போட்டிகள் இருக்கின்றன. அந்த அவசரம் உங்களுக்கு வேண்டாம். குதிரையின் முதுகெலும்பில் உள்ள வளர்ச்சித் தட்டுகள்தான் கடைசியாக மூடும், அதற்கு ஏறக்குறைய 6 வயது ஆகிவிடும். அரபி மெதுவாக முதிர்கிற இனம் என்பது அதை வளர்க்கிறவர்கள் எல்லோரும் அறிந்தது. 3 முடிந்தபின் சேணம், 4இல் மெதுவான சவாரியும் நடையில் பேரல் அறிமுகமும், 5 முடிந்து 6இல் வேகம். இதுதான் நான் வைத்திருக்கும் கணக்கு.

பேரலைக் காட்டுவதற்கு முன் குதிரைக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

காலால் லேசாகத் தொட்டால் தோளை நகர்த்த வேண்டும், இடுப்பை நகர்த்த வேண்டும். நீங்கள் மூச்சை விட்டுச் சேணத்தில் அமர்ந்தால் வேகம் குறைய வேண்டும். சொன்னால் நிற்க வேண்டும், பின்னால் நடக்க வேண்டும். வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும். நாலுகால் ஓட்டத்தில் வலது, இடது இரண்டு பக்கமும் எந்த முன்னங்காலை முந்தி நீட்டச் சொல்கிறீர்களோ அதை நீட்ட வேண்டும், ஓடும்போதே மாற்றவும் வேண்டும். வலது பேரலை முதலில் எடுத்தால் ஒரு வலத் திருப்பம், இரண்டு இடத் திருப்பம். முதல் பேரலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே அந்தக் கால்மாற்றம் நடந்தே ஆக வேண்டும். அது வராத குதிரை இரண்டாவது பேரலில் அகலமாகப் போய்விடும், என்ன அடித்தாலும் உதைத்தாலும் அங்கே நேரம் குறையாது.

எந்தப் பேரலை முதலில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். எந்தப் பக்கம் குதிரை இயல்பாகக் கால் மாற்றித் திரும்புகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பேரல் சுற்றை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

நடையில் தொடங்குங்கள். பல நாள் நடையிலேயே இருங்கள்.

கண்ணைப் பேரலில் வைக்காதீர்கள். பேரலுக்குப் பக்கத்தில் நாலைந்து அடி தள்ளி மண்ணில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு அதை நோக்கிப் போங்கள். அந்த இடைவெளியை இங்கே பாக்கெட் என்பார்கள். உள்ளே போகும்போது இந்த இடம் வேண்டும். சுற்றி வெளியே வரும்போது இரண்டு மூன்று அடி நெருக்கமாக வரலாம். புதியவர்கள் தலைகீழாகச் செய்வார்கள்: ஒட்டிக்கொண்டு உள்ளே போய், வெளியே வரும்போது வில்லாகப் போவார்கள்.

உங்கள் முழங்கால் பேரலுக்கு நேராக வரும் வரை திருப்பாதீர்கள். அதற்கு ஓர் எட்டு முன்னால் சேணத்தில் அமருங்கள். அந்த அமர்வுதான் வேகத்தைக் குறை என்று குதிரைக்குச் சொல்கிறது, ரேட் என்று இங்கே சொல்வது அதைத்தான். குவார்ட்டர் ஹார்ஸுக்கு ஓங்கிச் சொல்ல வேண்டியதை அரபிக்குக் காதோடு சொன்னால் போதும். நீங்கள் வயிற்றை இறுக்கி மூச்சை விட்டதுமே உள்பக்கக் காது உங்களை நோக்கித் திரும்பும். அந்தக் காது திரும்பினால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பிறகும் லகானை இழுப்பது அதைக் குழப்புகிற வேலை.

திருப்பத்தில் உள்பக்கக் கை தாழ்வாக, உங்கள் இடுப்புக்கு முன்னால். மூக்கு லேசாக உள்ளே தெரிந்தால் போதும், கண்ணிமை தெரிகிற அளவு. உள்பக்கக் கால் விலாவில் இருக்கட்டும், அது இல்லாவிட்டால் தோள் பேரல்மேல் சாயும். வெளிப்பக்கக் கை சேணக் கொம்பைப் பிடித்துத் தள்ளும், இழுக்காது. இழுத்தால் உடல் முன்னால் வந்து குதிரையின் தோளில் உட்கார்ந்துவிடுவீர்கள். பாதித் திருப்பத்திலேயே அடுத்த பேரலைப் பார்த்துவிடுங்கள்.

நடையில் லகான் தொங்கத் தொங்க மூன்றையும் சுற்றி வந்தால், நடைக்கும் நாலுகால் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட டிராட்டுக்குப் போங்கள். டிராட்டில் ஒழுங்காக வந்தால் மெதுவான நாலுகால் ஓட்டம். ஒரு கட்டத்தில் குதிரை பதறினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். முழு வேகத்தைப் பயிற்சியில் நான் கேட்பதே அரிது. வேகம் அதற்கு ஏற்கெனவே தெரியும், போட்டி மைதானத்தில் தானாக வரும்.

வாரத்துக்கு எத்தனை நாள் பேரல் பயிற்சி?

ஒரு நாள். மிஞ்சிப்போனால் இரண்டு.

கேட்பவர்கள் பலர் இதை நம்புவதில்லை. தினமும் பத்துச் சுற்று ஓட்டினால்தானே பழகும் என்கிறார்கள். சில குவார்ட்டர் ஹார்ஸ்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும். அரபி மூன்றாவது முறையிலேயே பாடத்தைப் பிடித்துவிடும். நான்காவது முறை 'சரியாகத்தானே செய்தேன், ஏன் மறுபடியும்?' என்கிற மாதிரி ஆகிவிடும். ஐந்தாவது முறை அதுவாகவே எதையாவது மாற்றிப் பார்க்கும். நீங்கள் அதைத் தவறு என்று திருத்துவீர்கள். அங்கிருந்து சண்டை தொடங்கும்.

என்னிடம் பழக வந்த ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரை இதைக் கண்ணால் பார்க்கிற மாதிரிக் காட்டும். முதல் இரண்டு சுற்றில் வாய் ஈரமாக இருக்கும், வால் காற்றில் மிதக்கும். மூன்றாவதில் மூக்குத்துவாரத்துக்கு மேலே ஒரு சுருக்கம் விழும். நான்காவதில் பேரலுக்கு இருபது அடி முன்பே வால் சாட்டையாகச் சுழலும், தாடை கடிவாளத்தைக் கடித்துப் பிடிக்கும். அந்தச் சுருக்கம் விழும்போதே நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் ஓடைப் பக்கம் நடத்திப் போனால், அடுத்த வாரம் அது போன வாரத்தைவிட நன்றாகத் திரும்பும்.

மீதி நாட்களில் என்ன செய்வது? ஒரு நாள் மேடு பள்ளமான பாதையில் நெடுந்தூர நடை. ஒரு நாள் வட்டம், கால்மாற்றம், பக்கவாட்டு நகர்வு. பேரலைப் பார்த்துக்கொண்டே அதைச் சுற்றாமல் கடந்து போகும் பயிற்சியும் நல்லது. பேரல் தெரிந்தாலே ஓட வேண்டும் என்கிற எண்ணம் அதில் மங்கிவிடும். இரண்டு நாள் மேய்ச்சல் நிலத்தில் விட்டுவிடுங்கள்.

தலையைத் தூக்கிக்கொண்டே ஓடுகிறது. டை-டவுன் கட்டலாமா?

மூக்குப்பட்டையிலிருந்து மார்பு வார் வரை போகும் அந்தக் கட்டு தலையைத் தூக்கவிடாமல் தடுக்கும். பேரல் ரேஸில் பலரும் கட்டுகிறார்கள். அரபிக்கு முதலில் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. தலை உயர்வது முக்கால்வாசி வேறெதன் அறிகுறியோதான். சேணம் அழுத்துகிறதா, பல் கூராக வளர்ந்து கன்னத்தைக் கிழிக்கிறதா, உங்கள் கை கனமாக இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். அதெல்லாம் சரியான பிறகு, மெதுவான ஓட்டத்தில் கழுத்தை நீட்டித் தாழ்த்தி முதுகை உயர்த்தப் பழக்குங்கள். கழுத்து இயல்பிலேயே உயரமாக அமைந்த இனம் இது, குவார்ட்டர் ஹார்ஸ் மாதிரித் தாழ்ந்து ஓடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

சேணமும் கடிவாளமும் எப்படி இருக்க வேண்டும்?

பேரல் சேணம் எடை குறைந்தது, கொம்பு உயரம், பின்பக்கம் எழும்பியிருக்கும். அரபியின் முதுகு குட்டை, விலா உருண்டை. அதனால் அடித்தோல் வட்டமாகக் குறுகியிருக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பில் இடிக்கும். அரபிக்கென்றே அகலமான சட்டத்தில் செய்த சேணங்கள் கிடைக்கின்றன. ஓட்டி முடித்துச் சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்து, கழுத்தும் முதுகும் சேரும் மேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அளவு காய்ந்திருந்தால் அந்த இடத்தில் சட்டம் அழுத்துகிறது. அந்தச் சேணத்தோடு பேரல் பக்கம் போகாதீர்கள்.

கடிவாளத்துக்கு நடுவே மூட்டு உள்ள சாதாரண ஸ்னாஃபிள் போதும். அரபியின் வாய் சிறியது, பல அரபிகளுக்கு வழக்கமான 5 அங்குலம் பெரிதாகி 4¾ பொருந்தும். வாயில் இரும்பே வேண்டாம் என்று அடம்பிடிக்கும் குதிரைக்கு மூக்குப்பட்டையால் ஓட்டும் ஹேக்கமோர் நல்லது. நிற்கவில்லை என்பதற்காக நீண்ட கொம்புக் கடிவாளத்துக்கு மாறுவது அரபியிடம் பலிக்காது. வலி வந்தால் அது இன்னும் வேகமாக ஓடும்.

முன்னங்கால்களுக்குக் காப்புறையும் குளம்புக்கு மணியுறையும் போடுங்கள். திரும்பும்போது பின்குளம்பு முன்காலைத் தட்டும்.

ஒரே பேரலைத் திரும்பத் திரும்பச் சாய்க்கிறது. ஏன்?

பெரும்பாலும் நீங்கள் பேரலைப் பார்க்கிறீர்கள், அல்லது சீக்கிரம் திருப்புகிறீர்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பக்கத்துத் தோள் சாய்கிறது. அந்தப் பேரலில் மட்டும் நின்று, நடையில் ஒரு முழுச் சுற்றைப் பத்தடி தள்ளிச் சுற்றுங்கள். வழக்கமில்லாமல் திடீரென்று சாய்க்கத் தொடங்கினால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பின்னங்கால் முட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கிற காலில் பாரம் போடாமல் திரும்பப் பார்க்கிற குதிரை பேரல்மேல்தான் விழும்.

மைதான வாசலில் கால் ஊன்றி நிற்கிறது, சுழல்கிறது, எழும்புகிறது.

வாசலுக்குப் போனால் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு வெடிக்க ஓட வேண்டும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. ஞாபகசக்தி இந்த இனத்துக்கு அபாரம். மறக்கடிப்பதைவிட வேறு ஞாபகங்களை அதன்மேல் அடுக்குவது சுலபம். போட்டி இல்லாத நாளில் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். வாசலில் நடந்து உள்ளே போய், ஒரு மூலையில் நின்று, இளைப்பாறிவிட்டு நடந்தே வெளியே வாருங்கள். போட்டிக்கு முன் சிறு கட்டணத்தில் எக்சிபிஷன் என்கிற பழக்க ஓட்டம் அனுமதிப்பார்கள். அதை வாங்கி மூன்று பேரலையும் நடையில் சுற்றுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும், அந்த ஒரு நிமிடத்துக்கு நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள். உண்மையான ஓட்டம் முடிந்ததும் வாசலிலேயே இறங்கிவிடாமல், வெளியே தள்ளிப்போய் மூச்சு சீராகும்வரை நடத்திவிட்டு இறங்குங்கள்.

அரபி சூடான ரத்தம், இதெல்லாம் திருந்தாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. பேரல் ரேஸ் வரலாற்றிலேயே பெரிய பெயர் ஸ்கேம்பர். அது குவார்ட்டர் ஹார்ஸ்தான், ஆனால் ஆட்களைத் தூக்கியெறிகிறது என்று பெயரெடுத்து மாட்டுக் கொட்டிலில் கிடந்த குதிரை. 1,100 டாலருக்கு வாங்கினார்கள். அதன்மேல் ஏறிய சிறுமி சார்மெய்ன் ஜேம்ஸ், 1984 முதல் 1993 வரை தொடர்ந்து 10 முறை உலகப் பட்டம் வென்றார். 1985 தேசிய இறுதியில் ஓட்டத்தின் நடுவே தலைக்கயிறு கழன்றும் ஸ்கேம்பர் ஓடி முடித்து அந்தச் சுற்றை வென்றது. பழக்கிய கை எப்படிப்பட்டது என்று அதிலிருந்தே தெரியும்.

தீனி என்ன கொடுக்கலாம்?

உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் புல். 400 கிலோ அரபிக்கு அது நாளுக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த புல். நம் ஊரில் குதிரை என்றதும் கொள்ளு ஞாபகம் வரும், இங்கே ஓட்ஸும் சர்க்கரைப்பாகு கலந்த தீவனமும். அதை அள்ளிப்போட்டால் அரபி கூரையேறும். கூடுதல் தெம்பு வேண்டுமென்றால் அரிசித் தவிடு, தாவர எண்ணெய் மாதிரிக் கொழுப்பிலிருந்து கொடுங்கள். உப்புக்கட்டி எப்போதும் இருக்கட்டும். ஓட்டப் போகும்முன் ஒரு கைப்பிடி குதிரைமசால் கொடுப்பது நல்ல வழக்கம். வெறும் வயிற்றில் பாயும்போது அமிலம் மேலே தெறித்து இரைப்பையில் புண் வைக்கும், குதிரைமசால் அதைக் கொஞ்சம் தணிக்கும்.

என் மகளுக்கு 12 வயது. அரபியில் கற்றுக்கொள்ளலாமா?

கற்றுக்கொள்ளலாம், குதிரை கற்று முடித்ததாக இருந்தால். கற்காத குதிரையும் கற்காத பிள்ளையும் ஒன்றாகச் சேரக் கூடாது. 12 வயதைத் தாண்டிய, நிதானமான, காயடித்த அரபி ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. லேசான கையைக் கற்றுக்கொடுத்துவிடும். ஹெல்மெட் கட்டாயம். மற்றவர்கள் தொப்பியோடு ஓடுகிறார்களே என்று பிள்ளை கேட்கும். பிடிவாதமாக இருங்கள்.

எத்தனை வயது வரை ஓடும்?

ஸ்கேம்பர் 1977இல் பிறந்தது, கடைசிப் பட்டத்தின்போது வயது 16. பார்த்து ஓட்டினால் அரபியும் பதின்வயதின் பின்பாதி வரை தாராளமாக ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் 20 நிமிடம் உடலைச் சூடாக்குங்கள். மண் கட்டாந்தரையாகவோ சேறாகவோ இருந்தால் கட்டிய பணம் போனாலும் ஓட்டாதீர்கள். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வந்து குளம்பைச் சீராக்கட்டும். ஓடி முடித்த கால் மணி நேரத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60க்குக் கீழே இறங்க வேண்டும், அரபிக்கு அது சீக்கிரமே இறங்கும். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தால் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று போட்டிகளில் தொடர்ந்து அப்படியே இருந்தால் அந்தப் பருவத்தை அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.